விற்பனை இயந்திரங்களில் பணத்தாள் சரிபார்ப்பி

பணத்தாள் சரிபார்ப்பி என்பது தானியங்கி விற்பனை இயந்திரத்தில் செருகப்படும் பணத்தாள் உண்மையானதா, அதன் மதிப்பு என்ன என்று கண்டறிந்து, அதை ஏற்கவோ திருப்பித் தரவோ செய்யும் கருவியாகும். ஆங்கில வழக்கில் இது பில் வேலிடேட்டர் எனப்படும். குளிர்பானம், நொறுக்குத் தீனி, பயணச்சீட்டு, வாகன நிறுத்தச் சீட்டு ஆகியவற்றை விற்கும் இயந்திரங்களிலும், சில்லறை மாற்றித் தரும் இயந்திரங்களிலும் இது பொருத்தப்படுகிறது.

ஓர் அரசு பணத்தாளின் வடிவத்தை மாற்றும்போது மனிதர்கள் ஓரிரு நாளில் பழகிக்கொள்வர். சரிபார்ப்பி அவ்வாறு பழகுவதில்லை. தனக்குக் கற்பிக்கப்படாத தாள் எதுவாயினும் அதற்குக் கள்ளநோட்டும் வெற்றுத்தாளும் ஒன்றே. எனவே ஒவ்வொரு வடிவ மாற்றத்தின்போதும் இயந்திர உரிமையாளர்கள் தங்கள் கருவிகளைப் புதுப்பிக்கவோ மாற்றவோ நேர்கிறது. இக்கட்டுரை முதன்மையாக ஐக்கிய அமெரிக்காவின் டாலர் தாள்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

புதிய தாள், பெரிய தாள்: இரு வேறு சிக்கல்கள்

இயந்திரம் ஒரு தாளை ஏற்க மறுப்பதற்கு இரு வேறு காரணங்கள் இருக்கலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையற்ற செலவு செய்ய நேர்கிறது.

முதலாவது, தாளின் வடிவம் புதியது. 5 டாலர் தாளை நெடுங்காலமாக ஏற்றுவந்த இயந்திரம், புதிதாக அச்சான 5 டாலர் தாளைத் துப்பிவிடும். இது சரிபார்ப்பியின் நினைவகம் சார்ந்த சிக்கல்.

இரண்டாவது, தாளின் மதிப்பு பெரியது. 1 டாலர் தாளை மட்டும் ஏற்ற இயந்திரத்தில் 10 அல்லது 20 டாலர் தாளைச் செருகினால், அதைச் சரிபார்ப்பி அடையாளம் கண்டாலும் இயந்திரம் ஏற்காது. மீதிச் சில்லறை தர அதனிடம் வழியில்லை என்பதே காரணம். இது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையும் சில்லறை வழங்கியும் சார்ந்த சிக்கல்.

அமெரிக்காவில் 1, 5, 10, 20, 50, 100 டாலர் தாள்கள் யாவும் ஒரே அளவுடையவை. 1929 முதல் இவற்றின் அளவு 156 மில்லிமீட்டர் நீளம், 66.3 மில்லிமீட்டர் அகலம். இதனால் தாள் செல்லும் பாதையை மாற்றாமலேயே ஒரே கருவியை எல்லா மதிப்புகளுக்கும் பயன்படுத்த முடிகிறது. அதேவேளை, அளவை வைத்து மதிப்பைக் கண்டறிய வழியில்லாததால், அச்சையும் மையையும் மட்டுமே கருவி நம்ப வேண்டியுள்ளது.

சரிபார்ப்பி இயங்கும் முறை

தாளின் நுனி வாயில் நுழைந்ததும் அங்குள்ள ஒளி உணரி அதை உணர்கிறது. உடனே சிறு மின்னோடி சுழன்று, இரு பக்கமும் உள்ள ரப்பர் பட்டைகள் தாளைச் சீரான வேகத்தில் உள்ளே இழுக்கின்றன. தாள் கடந்து செல்லும் ஒன்றிரண்டு வினாடிக்குள் பின்வரும் அளவீடுகள் நடைபெறுகின்றன:

- ஒளி அளவீடு: சிவப்பு, பச்சை, நீலம், அகச்சிவப்பு எனப் பல அலைநீளங்களில் சிறு எல்இடி விளக்குகள் தாளின்மீது ஒளி பாய்ச்சுகின்றன. தாளில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஊடுருவிச் செல்லும் ஒளியும் இடத்திற்கு இடம் அளக்கப்படுகின்றன. கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரு மைகள் அகச்சிவப்பில் வேறுபட்டுத் தெரியலாம். 5 டாலருக்கு மேற்பட்ட புதிய வடிவத் தாள்களின் பின்புறத்தில், அகச்சிவப்பில் மை மறைந்துபோகும் பட்டைகள் மதிப்புக்கு மதிப்பு வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளன.
- காந்த அளவீடு: டாலர் தாளின் முன்புறக் கறுப்பு மையில் காந்தத் தன்மையுள்ள துகள்கள் உள்ளன. ஒலிநாடாக் கருவியில் இருப்பது போன்ற காந்தத் தலை இதன் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. சாதாரண அச்சுப்பொறியில் எடுத்த நகல் பெரும்பாலும் இங்கே பிடிபடும்.
- நீளமும் தடிப்பும்: ஒட்டுத்தாள், இரட்டைத் தாள், வெட்டி ஒட்டிய தாள் ஆகியவை இதனால் கண்டறியப்படுகின்றன.
- பாதுகாப்பு இழை: சில கருவிகள் தாளினுள் பதிந்துள்ள இழையை மின்தேக்க உணரியாலோ புற ஊதா ஒளியாலோ தேடுகின்றன.

கிடைத்த அளவீடுகளைக் கருவியிலுள்ள நுண்செயலி, நினைவகத்தில் சேமித்துள்ள மாதிரிகளோடு ஒப்பிடுகிறது. எல்லா அளவீடுகளும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தால் மட்டுமே தாள் ஏற்கப்படும். ஒரு தாளை நான்கு விதமாகச் செருகலாம்: முகம் மேலே அல்லது கீழே, தலை முன்னே அல்லது பின்னே. ஆகவே ஒரு வடிவத்துக்கு நான்கு மாதிரிகள் தேவை.

இந்த எல்லையை வகுப்பதுதான் தயாரிப்பாளரின் கடினமான வேலை. எல்லையைக் குறுக்கினால் கசங்கிய, அழுக்கான நல்ல தாள்கள் திருப்பியனுப்பப்பட்டு விற்பனை குறையும். எல்லையை அகட்டினால் கள்ளநோட்டு நுழையும். பல கருவிகளில் இதற்கெனத் தனித் தெரிவு உண்டு. உயர் பாதுகாப்பு நிலைக்கு மாற்றினால் ஏற்கும் விகிதம் சற்றுக் குறையும்.

டாலர் தாள்களின் வடிவ மாற்றங்கள்

நெடுங்காலம் பெரிதாக மாறாதிருந்த டாலர் தாள்கள் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இருமுறை மாற்றப்பட்டன. வண்ண நகலெடுக்கும் இயந்திரங்களும் கணினி அச்சுப்பொறிகளும் பரவியதால் கள்ளநோட்டு அச்சிடுதல் எளிதானதே இதற்குக் காரணம்.

முதல் மாற்றத்தில் உருவப்படம் பெரிதாக்கப்பட்டு நடுவிலிருந்து நகர்த்தப்பட்டது. நீர்க்குறி சேர்க்கப்பட்டது. புழக்கத்துக்கு வந்த ஆண்டுகள்:

- 100 டாலர்: 1996
- 50 டாலர்: 1997
- 20 டாலர்: 1998
- 10 டாலர், 5 டாலர்: 2000

இரண்டாம் மாற்றத்தில் பின்னணியில் மென்மையான வண்ணங்கள் சேர்க்கப்பட்டன:

- 20 டாலர்: அக்டோபர் 2003
- 50 டாலர்: செப்டம்பர் 2004
- 10 டாலர்: மார்ச் 2006
- 5 டாலர்: மார்ச் 2008
- 100 டாலர்: அக்டோபர் 2013

இந்த மாற்றங்களில் விற்பனை இயந்திரத் தொழிலை அதிகம் தொட்டது 5 டாலர் தாள். குளிர்பான இயந்திரங்களில் 1 டாலருக்கு அடுத்து அதிகம் ஏற்கப்படுவது இதுவே. 2008 மாற்றத்துக்குத் தனிக் காரணம் ஒன்று இருந்தது. கள்ளநோட்டு அச்சிடுவோர் உண்மையான 5 டாலர் தாளின் மையை வெளுத்தெடுத்து, அதே தாளில் 100 டாலரை அச்சிட்டு வந்தனர். தாள் உண்மையானது, நீர்க்குறியும் இழையும் அதில் இருந்தன. எனவே புதிய 5 டாலரில் உருவ நீர்க்குறி நீக்கப்பட்டு, 5 என்ற எண்ணே பெரிய நீர்க்குறியாக வைக்கப்பட்டது. இழையின் இடமும் மாற்றப்பட்டது.

அமெரிக்கா பழைய தாள்களைச் செல்லாதவையாக அறிவிப்பதில்லை. ஆகவே புதிய தாள் வந்தாலும் பழையதன் மாதிரியைக் கருவியிலிருந்து நீக்க முடியாது. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் சுமை விளங்கும். 1 டாலர் தாளை மட்டும் ஏற்கும் கருவிக்கு ஒரு வடிவம், நான்கு மாதிரிகள் போதும். 1, 5, 10, 20 ஆகியவற்றை ஏற்கும் கருவிக்கு 1 டாலரில் ஒரு வடிவமும், மற்ற மூன்றிலும் தலைக்கு மூன்று வடிவங்களும் என மொத்தம் 10 வடிவங்கள், 40 மாதிரிகள் வேண்டும்.

பழைய கருவியைப் புதுப்பிக்க முடியுமா?

இதற்கான விடை கருவியின் வயதைப் பொறுத்தது.

புதிய வடிவத்தைக் கற்பிக்க இரண்டு வேண்டும்: மாதிரியைச் சேமிக்க நினைவகத்தில் இடம், வேறுபாட்டைக் காணக்கூடிய உணரி. நினைவகத்தில் இடமிருந்தும், கருவியில் ஓரிரு அலைநீள விளக்குகள் மட்டுமே இருந்தால், புதிய தாளின் மென்வண்ணப் பின்னணியை அதனால் நம்பத்தக்க முறையில் பிரித்தறிய இயலாது. உணரி போதுமானதாக இருந்தும் நினைவகம் சிறியதாக இருந்தால், சில தாள்களை மட்டும் தெரிந்தெடுத்துச் சேர்க்க முடியும். மேலும், தயாரிப்பாளர் அந்த மாதிரிக் கருவிக்கு மென்பொருள் எழுதுவதை நிறுத்தியிருந்தால், உரிமையாளரால் செய்யக்கூடியது ஏதுமில்லை. மாதிரிகளை உருவாக்குவது தயாரிப்பாளரால் மட்டுமே முடியும். பயனர் ஒரு தாளைச் செருகிக் கற்பிக்கும் வசதி இத்தகைய கருவிகளில் வேண்டுமென்றே தரப்படுவதில்லை. அப்படித் தந்தால் கள்ளநோட்டையும் கற்பித்துவிடலாம் அல்லவா?

புதுப்பிக்கும் முறைகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியுள்ளன:

- சில்லு மாற்றல்: பழைய கருவிகளில் நிலைபொருள் தனிச் சில்லில் இருக்கும். பொருத்தியிலிருந்து அதைக் கழற்றிப் புதிய சில்லைச் செருக வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே இதைச் செய்ய வேண்டும். சில்லின் ஒரு முனையிலுள்ள பள்ளக் குறி பலகையிலுள்ள குறியோடு பொருந்த வேண்டும். திருப்பிச் செருகினால் சில்லு எரிந்துபோகும். உடலிலுள்ள நிலைமின்னும் சில்லைக் கெடுக்கக்கூடும் என்பதால் முதலில் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொள்வது வழக்கம்.
- கையடக்கப் பதிவுக் கருவி: பிந்திய கருவிகளில் அழித்தெழுதும் நினைவகம் உண்டு. களப்பணியாளர் சிறு பெட்டியொன்றை இணைத்துச் சில நிமிடங்களில் புதிய மென்பொருளை ஏற்றிவிடுகிறார்.
- கணினி அல்லது நினைவட்டை: தயாரிப்பாளரின் கோப்பை மடிக்கணினி வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ ஏற்றுதல்.
- தொலைவழிப் புதுப்பிப்பு: இணைய இணைப்புள்ள இயந்திரங்களில் சில, நேரில் செல்லாமலே புதுப்பிக்கப்படுகின்றன.

புதுப்பித்த பின் தாளை ஏற்கும் தெரிவையும் இயக்க வேண்டும். பல கருவிகளின் பக்கவாட்டில் வரிசையாகச் சிறு டிப் சுவிட்சுகள் இருக்கும். எந்தெந்த மதிப்பை ஏற்பது, எந்தப் பக்கமாகச் செருகலாம், எந்தப் பாதுகாப்பு நிலை ஆகியவை இவற்றால் தீர்மானிக்கப்படும். வேறு சில கருவிகளில் அமைவுத் தாள் என்றொரு முறை உண்டு. தேர்வு விடைத்தாளில் வட்டங்களைக் கருமையாக்குவது போல ஒரு காகிதத்தில் தேவையான கட்டங்களை நிரப்பி, அதையே பணத்தாள் வாயில் செருகினால் கருவி படித்துக்கொள்ளும்.

புதிய மென்பொருளை ஏற்றியும் 5 டாலர் ஏற்கப்படவில்லை என்னும் முறையீடுகளில், 5 டாலருக்கான சுவிட்ச் அணைந்த நிலையிலேயே விடப்பட்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கும். எனவே புதுக் கருவி வாங்க முடிவெடுப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

சில்லறைக் கணக்கு

உயர்மதிப்புத் தாளை ஏற்பதில் உண்மையான தடை சில்லறைதான். ஒரு குளிர்பானத்தின் விலை 1.50 டாலர் என்று கொள்வோம். மீதியை 25 சென்ட் நாணயங்களாகத் தந்தால்:

- 5 டாலருக்கு மீதி 3.50, நாணயங்கள் 14
- 10 டாலருக்கு மீதி 8.50; நாணயங்கள் 34
- 20 டாலருக்கு மீதி 18.50, நாணயங்கள் 74

25 சென்ட் நாணயத்தின் தடிப்பு 1.75 மில்லிமீட்டர், எடை 5.67 கிராம். 74 நாணயங்களை அடுக்கினால் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் உயரமும் 420 கிராம் எடையும் வரும். சில்லறை வழங்கியில் நாணயங்கள் செங்குத்துக் குழாய்களில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரே ஒருவர் 20 டாலர் தாளைச் செருகினாலே குழாய் காலியாகிவிடக்கூடும். அதன்பின் வரும் ஒவ்வொருவருக்கும் சரியான சில்லறை தேவை என்ற விளக்கு எரியும். ஒரு விற்பனைக்கு ஆசைப்பட்டுப் பத்து விற்பனையை இழப்பது இதுவே. நாணயக் குவியலைப் பெறும் வாங்குபவரும் மகிழ்வதில்லை.

ஆகவே பொருள் விலை குறைவான இயந்திரங்களில் பெரும்பாலும் 1, 5 டாலர் தாள்கள் மட்டும் இயக்கப்படுகின்றன. 10, 20 டாலரை ஏற்க வேண்டுமெனில் பின்வரும் ஏற்பாடுகளில் ஒன்று வேண்டும்:

- ஒரு டாலர் நாணயத்தை மீதியாகத் தருதல். பயணச்சீட்டு இயந்திரங்கள் பலவற்றில் இம்முறை உண்டு.
- தாள் திருப்பி வழங்கி. இக்கருவி வாங்குபவர்கள் செருகும் 1 அல்லது 5 டாலர் தாள்களைத் தனி உருளையில் சேமித்து, அடுத்தவருக்கு மீதியாகத் திருப்பித் தருகிறது. விலை அதிகம், ஆனால் 20 டாலரை ஏற்க நடைமுறையில் சிறந்த வழி இதுவே.
- அருகில் தனியாகச் சில்லறை மாற்றும் இயந்திரம் வைத்தல். பெரிய தொழிற்சாலை உணவறைகளில் இதைக் காணலாம்.
- அட்டை அல்லது கைப்பேசி வழிப் பணம். இதில் சில்லறைக்கே இடமில்லை.

சில்லறைக்காக மட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்துவோரும் உண்டு. 5 டாலரைச் செருகி, எதையும் வாங்காமல் திருப்பும் பொத்தானை அழுத்தினால் நாணயங்கள் கொட்டும். இதைத் தடுக்கக் கட்டாய விற்பனை என்ற அமைவு உண்டு. அதை இயக்கினால், ஏதேனும் வாங்கிய பின்னரே மீதி கிடைக்கும். ஆனால் பொருள் தீர்ந்துபோன இயந்திரத்தில் இது நேர்மையான வாங்குபவரின் பணத்தைச் சிக்க வைக்கும். இடைநிறுத்தம் என்ற வசதி இதற்குத் தீர்வு: தாள் அடுக்குப் பெட்டிக்குள் போகாமல் பாதையிலேயே காத்திருக்கும், விற்பனை நடக்காவிட்டால் அதே தாள் வெளியே வரும்.

கட்டுப்பாட்டுப் பலகையும் சரிபார்ப்பியும்

பழைய கருவிகள் துடிப்பு முறையில் பேசின. 1 டாலருக்கு ஒரு மின்துடிப்பு என்று அனுப்பும். 5 டாலர் எனில் ஐந்து துடிப்பு. இம்முறையில் கட்டுப்பாட்டுப் பலகைக்கு வந்தது ஒரு 5 டாலரா, ஐந்து 1 டாலரா என்று தெரியாது.

1990களில் எம்டிபி என்ற பொது நெறிமுறை வந்தது. அமெரிக்காவின் தானியங்கி விற்பனைச் சங்கம் இதை ஏற்றுத் தரநிலையாக்கியது. ஒரே கம்பித் தொகுதியில் சில்லறை வழங்கி, பணத்தாள் சரிபார்ப்பி, அட்டை வாசிப்பி ஆகிய அனைத்தும் இணைக்கப்படுகின்றன. தரவு வேகம் வினாடிக்கு 9600 பிட். கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வொரு கருவியையும் வினாடிக்குப் பல தடவை விசாரிக்கிறது. இதனால் ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் மற்றொரு நிறுவனத்தின் சரிபார்ப்பியைப் பொருத்த முடிகிறது.

இந்நெறிமுறையில் இரு செய்திகள் இங்கு முக்கியமானவை. இயந்திரம் இயங்கத் தொடங்கும்போது, தான் அறிந்த தாள் வகைகளின் மதிப்புப் பட்டியலைச் சரிபார்ப்பி அனுப்புகிறது. அதிகம் 16 வகைகள். அதற்குப் பதிலாக, இப்போது எவற்றை ஏற்கலாம் என்ற பட்டியலைக் கட்டுப்பாட்டுப் பலகை அனுப்புகிறது. இப்பட்டியல் நிலையானது அன்று. குழாயில் நாணயம் நிறைந்திருக்கும்போது 5 டாலரை அனுமதித்து, குறைந்ததும் தடைசெய்யும். காலையில் ஏற்ற இயந்திரம் மாலையில் அதே தாளை மறுப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே, கருவி பழுதன்று.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. அதே மதிப்பின் புதிய வடிவத்தை ஏற்கச் சரிபார்ப்பியைப் புதுப்பித்தால் போதும். கட்டுப்பாட்டுப் பலகைக்கு வடிவம் பற்றிக் கவலையில்லை, மதிப்பு மட்டுமே தெரியும். ஆனால் புதிய மதிப்பை ஏற்கக் கட்டுப்பாட்டுப் பலகையும் இணங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 5 சென்ட் அலகில் ஒற்றை பைட்டில் கணக்கு வைக்கும் பலகையால் 255 அலகு, அதாவது 12.75 டாலர் வரைதான் எண்ண முடியும். அதனிடம் 20 டாலர் தாளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மோசடிகள்

பணத்தாள் வாய் என்பது ஆளில்லாத கல்லாப்பெட்டி. அதை ஏமாற்ற நடந்த முயற்சிகளே சரிபார்ப்பியின் வளர்ச்சியை வழிநடத்தின.

நூல் கட்டல் பழைய உத்தி. உண்மையான தாளில் ஒட்டுநாடாவையோ நூலையோ ஒட்டிச் செருகி, தொகை பதிவானதும் வெளியே இழுத்துவிடுவர். இதைத் தடுக்க, தாள் கடந்தபின் பாதையை மூடும் அடைப்பும், பாதையில் எதுவும் தொங்குகிறதா என்று பார்க்கும் குறுக்கு உணரியும் சேர்க்கப்பட்டன. தாள் அடுக்குப் பெட்டியில் விழுந்த பின்னரே தொகையைப் பதிவது மற்றொரு காப்பு.

சிறு மதிப்புத் தாளை உயர்மதிப்பாகக் காட்டுவது இன்னொரு உத்தி. இயந்திரம் ஏற்கும் மதிப்பு உயர உயர மோசடிக்காரரின் ஆதாயமும் உயர்கிறது. 1 டாலர் மட்டும் ஏற்கும் இயந்திரத்தில் ஒரு கள்ளத்தாள் நுழைந்தால் இழப்பு 1 டாலர். 20 டாலரை ஏற்கும் இயந்திரத்தில் ஒரு குளிர்பானமும் 18.50 டாலர் நல்ல நாணயமும் போய்விடும். உயர்மதிப்பை இயக்கும் முன் உரிமையாளர் எடைபோட வேண்டியது இது.

தாள் ஏற்கப்படாதபோது சோதிக்க வேண்டியவை

எளியதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் வரிசை நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

1. எல்லாத் தாள்களும் மறுக்கப்படுகின்றனவா, சில மட்டுமா என்று பாருங்கள். எல்லாமும் எனில் அழுக்கு, அடைப்பு, நிரம்பிய அடுக்குப் பெட்டி, இணைப்புக் கோளாறு ஆகியவற்றை ஐயப்படலாம்.
2. ஒரே மதிப்பில் பழையது ஏற்கப்பட்டுப் புதியது மறுக்கப்பட்டால் நிலைபொருள் பழையது. கருவியின் ஒட்டுச்சீட்டில் மாதிரி எண்ணையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரிடமோ முகவரிடமோ கேட்க வேண்டும்.
3. ஒரு மதிப்பு முழுதும் மறுக்கப்பட்டால் முதலில் டிப் சுவிட்சையும், பின் கட்டுப்பாட்டுப் பலகையின் அமைவுப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.
4. சில நேரம் ஏற்று, சில நேரம் மறுத்தால் நாணயக் குழாயின் இருப்பைப் பார்க்க வேண்டும்.
5. தாள் பாதையைத் துடைக்க வேண்டும். உணரிகளின் மேலுள்ள தெளிந்த நெகிழிப் பகுதியில் தூசு படிந்தால் ஒளி அளவீடு தவறும். மென்மையான துணியும் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் துப்புரவு அட்டையும் போதும். கடுமையான கரைப்பான்கள் நெகிழியை மங்கச் செய்துவிடும்.
6. கருவியைக் கழற்றவும் பூட்டவும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மீண்டும் இயக்கும்போதுதான் பலகை மதிப்புப் பட்டியலைப் புதிதாகக் கேட்கும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் பயனில்லையெனில் மாற்றுக் கருவி வாங்குவதே மிச்சம். புதுப்பித்துத் தரப்பட்ட பழைய கருவிகளும் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும்போது எந்தெந்த ஆண்டுத் தாள் வரை ஏற்கும் என்று கேட்டறிவது அவசியம்.

மாறாத 1 டாலர்

இவ்வளவு மாற்றங்களுக்கிடையே 1 டாலர் தாள் 1963 முதல் ஏறத்தாழ அதே வடிவில் உள்ளது. அதில் நீர்க்குறியோ பாதுகாப்பு இழையோ இல்லை. கள்ளநோட்டு அச்சிடுவோர் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பது ஒரு காரணம். மேலும், 1 டாலரை மறுவடிவமைக்க நிதி செலவிடக் கூடாது என்ற விதி அமெரிக்க ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டத்தில் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. இலட்சக்கணக்கான விற்பனை இயந்திரங்கள் இத்தாளை நம்பியிருப்பதால் இவ்விதி அத்தொழிலுக்குப் பெரும் நிம்மதி.

நாணயத்திலும் இத்தகைய அக்கறை காணப்படுகிறது. 2000இல் வெளியான பொன்னிற 1 டாலர் நாணயம், 1979இல் வந்த சூசன் பி. அந்தோணி நாணயத்தின் அளவிலும் அதே மின்காந்தப் பண்புடனும் உருவாக்கப்பட்டது. நிறம் வேறு, உலோகக் கலவை வேறு. ஆயினும் இயந்திரங்களுக்கு இரண்டும் ஒன்றே. அதனால் கருவிகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பார்வையற்றோர் உரிமையும் தாளின் அளவும்

எல்லா டாலர் தாள்களும் ஒரே அளவாக இருப்பது இயந்திரங்களுக்கு வசதி. பார்வையற்றவர்களுக்குப் பெரும் இடர். எந்தத் தாள் எந்த மதிப்பு என்று தொட்டறிய வழியில்லை. அமெரிக்கப் பார்வையற்றோர் மன்றம் 2002இல் கருவூலத் துறைமீது வழக்குத் தொடுத்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தற்போதைய தாள்கள் சட்டம் வழங்கும் சம உரிமையை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தது. தாளின் அளவை மாற்றினால் விற்பனை இயந்திரங்களுக்கு ஆகும் செலவும் அவ்வழக்கில் பேசப்பட்டது. இறுதியில் 2011இல், அளவை மாற்றாமல் தொட்டுணரும் மேடுகளைச் சேர்ப்பது, எண்களைப் பெரிதாக்குவது, மதிப்பைக் கூறும் சிறு கருவியை இலவசமாக வழங்குவது என்று முடிவானது. அடுத்த வரிசைத் தாள்களில் இம்மேடுகள் இடம்பெறும் என்றும், அவற்றில் 10 டாலர் முதலாவது என்றும் அறிவிக்கப்பட்டது. சரிபார்ப்பிகளுக்கு மீண்டும் ஒரு புதுப்பிப்புச் சுற்று வரும் என்பதே இதன் பொருள்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய 5 யூரோ தாள் 2013 மே மாதம் வெளியானபோது பல இயந்திரங்கள் அதை ஏற்கவில்லை. அத்தாள் வெளியீட்டுக்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் பொதுவில் காட்டப்பட்டது. இந்தப் பட்டறிவுக்குப் பின், 10 யூரோ எட்டு மாதம் முன்னதாகவும் 20 யூரோ ஒன்பது மாதம் முன்னதாகவும் காட்டப்பட்டன. தயாரிப்பாளர்களுக்குத் தாள்களை முன்கூட்டியே தந்து சோதிக்க வைத்தனர்.

பிரித்தானியா 2016இல் 5 பவுண்டில் தொடங்கி நெகிழித் தாளுக்கு மாறியது. புதிய தாள்கள் அளவில் சிறியவை. ஒளி ஊடுருவும் சாளரம் கொண்டவை. மேலும் பழைய தாள்கள் குறித்த நாளுக்குப் பின் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டதால், புதுப்பிப்பதைத் தள்ளிப்போட முடியவில்லை.

யப்பான் 2024 சூலை 3 அன்று, இருபது ஆண்டுகளுக்குப் பின், 1000, 5000, 10000 யென் தாள்களை மாற்றியது. உணவுச் சீட்டு இயந்திரத்தை நம்பியிருந்த சிறு நூடுல்ஸ் கடைக்காரர்கள் இச்செலவால் திணறினர். சில உள்ளாட்சிகள் அவர்களுக்கு மானியம் அளித்தன.

இந்தியாவில் 2016 நவம்பரில் நடந்தது இதற்கு நெருங்கிய இன்னொரு நிகழ்வு. புதிய 500 ரூபாய் தாள் 150 மில்லிமீட்டர் நீளமும் 66 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பழையதோ 167 மில்லிமீட்டர் நீளமும் 73 மில்லிமீட்டர் அகலமும் உடையது. ஏடிஎம் இயந்திரங்களின் பணப்பெட்டிகள் பழைய அளவுக்கே பொருத்தப்பட்டிருந்ததால், ஒவ்வொன்றுக்கும் பணியாளர் நேரில் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது. வங்கியில் பணம் இருந்தும் மக்கள் பல நாள் வரிசையில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பணத்தாளை அச்சிடுவதோடு அரசின் வேலை முடிவதில்லை. அதைப் படிக்க வேண்டிய இயந்திரங்களையும் முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதை இந்நிகழ்வுகள் யாவும் காட்டுகின்றன.